மோரிக்கு மேலே கட்டிய படிகள்

கடலை மாவு போதவில்லை. வாழைக்காயைச் சீவித் தண்ணீரில் போட்ட பிறகுதான் மதியழகன் டப்பாவைத் திறந்து பார்த்தார். அடியில் ஒரு கைப்பிடி மாவு கிடந்தது. மழை நாளில் பஜ்ஜி போடுவது அவர் வேலை. அந்த நேரத்தில் செண்பகத்தை அடுப்புப் பக்கம் விடமாட்டார்.

"இருக்கிறதோட அரிசி மாவைக் கலந்து ஒப்பேத்துங்களேன்" என்றாள் அவள்.

"அரிசி மாவு பஜ்ஜி கல்லு மாதிரி இருக்கும். அப்புறம் பல்லு போச்சுன்னு என்னைத்தான் திட்டுவே." லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகள் விட்டுப்போன பூப்போட்ட குடையை எடுத்தார். "எண்ணெயை சிம்ல வை. கீழ்முனைக் கடைதானே, வந்துடறேன்."

அவள் எண்ணெயைச் சிறு தீயில் வைத்தாள்.

பெங்களூரில் தொம்மலூர் பழைய ஊருக்குள் அந்தத் தெரு இறக்கத்தில் இருக்கிறது. மேட்டில் இருக்கும் பெரிய ஆபீஸ் கட்டடங்களின் மழைத் தண்ணீரெல்லாம் அது வழியாகத்தான் வடியும். அதற்காகத் தெருவின் ஓரத்தில் ஆள் ஆழத்துக்கு ஒரு மோரி, திறந்த சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு நேராக அந்த மோரியின் மேல் கான்கிரீட் போட்டு, படி கட்டி, ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சறுக்கலும் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும் மோரி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அடியில் சேறு அடைத்துக்கொண்டிருக்கும். படிகளுக்குக் கீழே மண்வெட்டி போகாது என்பதால் யாரும் வாரியதில்லை.

அன்றைக்கு மழை நின்று பெய்தது. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. எது ரோடு, எது மோரி என்று தெரியவில்லை. மாவுப் பொட்டலத்தோடு திரும்பி வந்த மதியழகன், பக்கத்து வீட்டு உமேஷின் படியைத் தாண்டித் தன் வீட்டுப் படிக்கு வரும் இடத்தில் காலை வைத்தார். மறுபக்கத்து வீட்டு லவினா மாடித் தாழ்வாரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் நின்ற இடத்தில் குடை மட்டும் மிதந்தது என்று பிறகு அவள்தான் சொன்னாள்.

தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய் உமேஷ் வீட்டுப் படிக்கு அடியில் செருகிவிட்டது. உமேஷே கடப்பாரையை எடுத்து வந்து தன் படியை இடித்தான். கருங்கல் பலகை பதித்த படி, உள்ளே கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிய வழிய இடித்தான். வீட்டுக்கு வீடு சறுக்கல்கள் நீட்டிக்கொண்டிருந்ததால் தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைய முடியவில்லை; ஆட்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். படி பெயர்ந்து அவரை வெளியே எடுத்தபோது மழை விட்டிருந்தது.

காரணம் யார் என்பதை அடக்கம் முடிவதற்குள் தெரு முடிவு செய்துவிட்டது. வார்டு ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியராக இருந்த வீணா என்ற பெண். "மோரியை மூட ஒரு சிலாப் போட வக்கில்லாதவளுக்கு எதுக்கு இன்ஜினியர் வேலை?" என்று வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். ஓசூரிலிருந்து ஓடி வந்திருந்த மகள் ரூபினியின் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டினார்கள்.

"எங்க அப்பா ஒரு வருஷம்கூட வீட்டு வரி பாக்கி வெச்சதில்ல. ஏப்ரல் மாசமே போய்க் கட்டிடுவாரு" என்றாள் ரூபினி. "அந்த வரிக்கு எங்க வாசல்ல ஒரு சிலாப் போட முடியலையா உங்களால?"

"கேளு கண்ணு, நல்லா கேளு" என்றார்கள் சுற்றி நின்ற பெண்கள்.

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கத்தில் சாய்கிறாள் என்று யாரோ தோளைப் பிடித்துத் தாங்கினார்கள். மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் அதே வீணா அதே தெருவுக்கு ஜேசிபியோடு வந்திருந்தாள். மோரியைத் தூர்வாரி, ஆழப்படுத்தி, மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை சிலாப் போட்டு மூட உத்தரவும் பணமும் வந்திருந்தன. அதற்கு முன்பே வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லியிருந்தாள். மோரிமேல் இருக்கும் படிகளை எடுத்தாக வேண்டும். சிலாப் போட்ட பிறகு அவரவர் படியை அவரவர் சுவருக்குள் கட்டிக்கொள்ளலாம். சுவருக்குள் என்றால் முன்னறையில் ஒரு பகுதி போகும். அந்தத் தெருவில் முன்னறை என்பதே ஒரு கட்டிலும் ஒரு டிவியும் வைக்கிற அளவுதான். ஒரு வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மதியழகன் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பாவுக்குப் பிறகு அவரும் சுரங்கத்தில் இறங்கினார். அங்கே தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கு விளக்கு, தண்ணீர், ஆஸ்பத்திரி, கக்கூஸ் கழுவுவது வரை எல்லாமே கம்பெனி. பல்பு போனால் கம்பெனி ஆளைக் கூப்பிடுவார்கள். அது யார் பணம் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. கொடுக்கவில்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டுக் கம்பெனி கேட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கொடுப்பார்கள். சுரங்கம் மூடியபின் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வந்து போய், கடைசியில் ஓர் ஆபீஸில் ஸ்டோர்கீப்பராகி, தொம்மலூரில் ஒட்டிக்கொண்டார். ஆனால் கார்ப்பரேஷன், கரண்ட் ஆபீஸ், தண்ணி போர்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பெயர்தான். மேனேஜ்மென்ட்.

"மேனேஜ்மென்ட்கிட்ட முதல் தடவை விட்டுக்கொடுத்தோம்னு வெச்சுக்கோ, அப்புறம் முதுகுல ஏறி உக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டு, ஜேசிபியின் இரும்புக் கைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தார். தெருச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். ஆண்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"வா செம்பா, நாமளும் படிமேல உக்காருவோம். லேடீஸ்மேல போலீஸ் கை வைக்க மாட்டான்" என்று லவினா இழுத்தாள். செண்பகம் குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் படியில் உட்கார்ந்தாள். ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழ ஜூஸ் கலக்கி எல்லாருக்கும் கொடுத்தவளும் அவள்தான்.

வீணா மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினாள். "அண்ணா, மழை வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். சொன்னா கேளுங்க."

"மேடம், நான் குடி வந்ததிலிருந்து மழை பெய்யுது. இந்த மோரியில ஒரு பூனைகூட விழுந்ததில்ல" என்றார் மதியழகன்.

தெருவே சிரித்தது. செண்பகமும் சிரித்தாள். புருஷன் பேசினால் நாலு பேர் சிரிக்கிறார்களே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானத்துக்குள் தலைவருக்குப் போன் போனது. தலைவர் என்றால் அந்த வட்டாரத்தில் ஓட்டைத் திரட்டிக் கொடுக்கிறவர், உமேஷுக்கு வேண்டியவர். ஜேசிபி பின்வாங்கிப் போயிற்று. சரம் வெடித்தார்கள். சாயங்காலம் தலைவரே நேரில் வந்தார். மார்ச் முடிவதற்குள் அந்தப் பணத்தைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், வேறு என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றார். ஒருத்தர் போர்வெல் என்றார், ஒருத்தர் விளக்கு என்றார். மதியழகன் எழுந்து, தெருமுனையில் ஓர் ஆர்ச் வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்ச் கட்ட யார் படியையும் இடிக்க வேண்டியதில்லை.

ஆர்ச் வந்தது. தலைவர் படம் மேலே, சங்கத்தார் பெயர்கள் கீழே. அடுத்து வந்த தேர்தலில் தலைவர் காட்டிய பக்கமே தெரு முழுக்க ஓட்டுப் போட்டது. செண்பகமும் போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

ரூபினி அப்போது புதுசாகக் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். வீட்டை இடிக்க வந்தார்கள், அப்பா தடுத்துவிட்டார் என்றுதான் அவளுக்குச் சொன்னார்கள். போனில் அப்படிச் சொன்னவள் செண்பகம்தான்.

காரியம் முடிந்த மறுநாள் உமேஷ் வந்தான். இரண்டு கையிலும் கட்டு. உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, நாளன்னைக்கு மஹஜர். பெரிய ஆபீஸர் இங்கேயே தெருவுல வந்து எல்லாரையும் விசாரிச்சு எழுதிக்குவாரு. நாம எல்லாரும் ஒரே மாதிரி பேசணும்."

"என்னன்னு?"

"சிலாப் கேட்டோம், அந்த இன்ஜினியரம்மா போடல. அவ்வளவுதான். போன வருஷத்துக் கதையெல்லாம் எதுக்கு? அதைச் சொன்னா கெடறது அண்ணன் பேருதானே. போனவரு பேரை நாமளே கெடுக்கலாமா? வர வேண்டிய நஷ்ட ஈடும் சிக்கல்ல மாட்டும்."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமே, உமேஷு."

"கவர்மென்ட் வேலை அவ்வளவு சீக்கிரம் போகாதுக்கா. சஸ்பெண்ட் பண்ணுவாங்க, நாலு மாசம் வீட்டுல உக்காந்து அரைச் சம்பளம் வாங்கிட்டுத் திரும்ப வருவாங்க. நம்ம அண்ணன் திரும்ப வருவாரா? ஸ்வல்ப யோசிங்க."

உள்ளேயிருந்து ரூபினி வந்தாள். "போன வருஷத்துக் கதைன்னா என்னண்ணா?"

உமேஷ் அவளையும் பார்த்தான், செண்பகத்தையும் பார்த்தான். "கை வலிக்குதும்மா, அப்புறம் வரேன்" என்று இறங்கிப் போய்விட்டான்.

"என்னம்மா கதை?"

செண்பகம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வீட்டை இடிக்க வந்தாங்கன்னு சொன்னியே?"

"வீட்டை இல்ல. படியை."

"அப்பா ஜேசிபி முன்னாடி உக்காந்த வீடியோவை எனக்கு அனுப்பினாரும்மா. எங்க அப்பான்னு போட்டு நான் ஸ்டேட்டஸ் வெச்சேன்." ரூபினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தணிந்த குரலில், "நீ எதுவும் சொல்லாத. மத்தவங்க எது வேணா பேசட்டும். நீ மட்டும் அப்பாவைச் சொல்லாத" என்றாள்.

மறுநாள் வீணா தனியாக வந்து மோரியை அளந்துகொண்டிருந்தாள். விசாரணைக்கு அளவு வேண்டுமாம். தெருவில் ஒருத்தரும் அவள் பக்கம் போகவில்லை. மாடியிலிருந்து லவினாவின் குரல் மட்டும் வந்தது. "இப்ப அளந்து என்ன மேடம் பண்ணப் போறீங்க? மாலை வாங்கவா?"

வீணா நிமிரவில்லை. செண்பகம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு போனாள்.

"பேடா அம்மா" என்று மறுத்துவிட்டு, பிறகு என்ன நினைத்தாளோ, வாங்கிக் குடித்தாள். கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். செண்பகத்துக்குக் கன்னடம் வீட்டு மொழி மாதிரிதான். அன்றைக்குப் போலீசோடு வந்து வேலையை முடித்திருக்கலாம், உத்தரவு என் கையிலேயே இருந்தது என்றாள் வீணா. தலைவரிடமிருந்து போன் வந்ததும் அப்பாடா என்றிருந்ததாம். "எத்தனை நாள்தான் எல்லார் வாயிலும் விழுவது என்று நானும் விட்டுவிட்டேன். ஆர்ச்சுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"கேட்டது நாங்கதானேம்மா" என்றாள் செண்பகம்.

"கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போடவா நான் படித்தேன்?"

வீணா டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு செண்பகம் வெகுநேரம் அங்கேயே நின்றாள். தங்கவயலில் கேட்டில் உட்கார்ந்தபோது நின்றுபோனது கம்பெனியின் வேலை. இங்கே உட்கார்ந்தபோது நின்றுபோனது தங்கள் வாசல் வேலை. இது அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் ஜூஸ் கலக்கிக்கொண்டிருந்த தனக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தாள். போட்ட ஓட்டும் கட்டிய வரியும் தன்னுடையவை என்று தெரியும். அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது மட்டும் யாரோ பெரிய மனிதர்கள் சமாச்சாரம் என்று இருந்துவிட்டாள்.

மஹஜர் அன்று உமேஷ் வீட்டு உடைந்த படிக்குப் பக்கத்தில் ஆபீஸருக்கு மேசையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். உடைந்த இடத்தைப் பிளைவுட் பலகையால் மூடியிருந்தார்கள். வீணா ஓரமாக நின்றாள். ஆபீஸர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உமேஷ் பதில் சொன்னான். சுற்றி நின்றவர்கள் "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டினார்கள். சிலாப் கேட்டீர்களா? ஹௌது. போடவில்லையா? ஹௌது.

கடைசியில், மரியாதைக்காக, ஆபீஸர் செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

ரூபினி அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். செண்பகத்துக்கு வீட்டுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஒன்றும் இல்லை சார் என்று சொன்னால் போதும், எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள்.

"சிலாப் போட வந்தாங்க சார்" என்றாள். "நாங்கதான் விடல."

ரூபினியின் கை முழங்கையிலிருந்து நழுவியது.

"என் வீட்டுக்காரரு சேர் போட்டு ஜேசிபி முன்னாடி உக்காந்தாரு. நான் இந்தப் படிமேல குடத்தோட உக்காந்தேன். அந்தக் காசுலதான் ஆர்ச் கட்டினாங்க. எங்களைக் கேட்டுத்தான் கட்டினாங்க. நாங்க கை தட்டினோம்."

ஆபீஸர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுதினா உங்களுக்கு வர வேண்டியது தள்ளிப் போகலாம்மா. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரியும் சார்."

"அக்காவுக்கு மனசு சரியில்ல சார்" என்றான் உமேஷ் அவசரமாக. "மாத்திரை சாப்பிடறாங்க. அதனால…"

"அரே, அது சுகர் மாத்திரைடா!" கூட்டத்துக்குப் பின்னாலிருந்து லவினா கத்தினாள். "அவளைப் பைத்தியம்னு எழுதிக் கொடுப்பே போலிருக்கே. நானும்தான் உக்காந்தேன். உங்க அம்மாவும்தான் உக்காந்தாங்க. முட்டி வலின்னு ஸ்டூல் கேட்டு வாங்கி உக்காந்தாங்களே, மறந்துட்டியா?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். உமேஷ் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆபீஸர் எழுதிக்கொண்டார். யார் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டார். செண்பகம் போட்டாள். லவினா நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். வேறு யாரும் வரவில்லை. செண்பகம் திரும்பிப் பார்த்தபோது ரூபினி வீட்டுக்குள் போயிருந்தாள். அன்று சாயங்காலமே ஓசூர் பஸ் ஏறிவிட்டாள்.

வீணாவை சஸ்பெண்ட் செய்யவில்லை. ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு வார்டுக்கு மாற்றினார்கள். நஷ்ட ஈடு, விசாரணை முடியட்டும் என்று நின்றது. நின்றதே நல்லது என்று செண்பகத்துக்குத் தோன்றும். அதுவும் இந்தத் தெரு மாதிரி எத்தனையோ தெருக்காரர்கள் கட்டிய வரிப்பணம்தான். எந்த முகத்தோடு போய் வாங்குவது? தெருக்காரர்கள் அவளோடு பேசுவதை விட்டுவிடவில்லை. அதுவரை முறை வைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். எதிரே வந்தால், "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று கேட்டிருக்கிறாள். அப்படி எதுவும் ஆகவில்லை. முன்பு தன்னை நினைத்து மட்டும் வெட்கப்பட்டாள். இப்போது செத்தவரையும் நாலு பேர் நடுவில் நிறுத்திவிட்டோமே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் அவர் படத்துக்கு விளக்கேற்றும்போது நேராகப் பார்க்க மாட்டாள்.

புது இன்ஜினியர் வந்தார். கலகம் வேண்டாம், யார் சம்மதிக்கிறார்களோ அவர்கள் வாசலுக்கு மட்டும் தூர்வாரி சிலாப் போடுகிறேன் என்றார். செண்பகம் சம்மதம் சொன்னாள்.

படியை உடைக்கிற அன்று ரூபினி சொல்லாமல் வந்து நின்றாள். ஜேசிபியின் பல் முதல் படியில் இறங்கியபோது, "அப்பா இதை எவ்வளவு ஆசையா தேய்ச்சுக் கழுவுவாரு" என்றாள்.

"ஆமா. ஞாயித்துக்கிழமையானா பிரஷ்ஷும் கையுமா உக்காந்துடுவாரு."

ரூபினி போனைக் கையில் எடுத்தாள். படம் எடுக்கப் போகிறாளோ என்று செண்பகம் பார்த்தாள். எடுக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வேலையாட்களுக்கு டீ போட உள்ளே போனாள். டிவி இருந்த இடத்தில் இப்போது மூன்று சிமென்ட் படிகள் இருக்கின்றன. டிவி சமையலறைக்குப் போய்விட்டது.

தீபாவளிக்கு முன்னால் உமேஷ் தன் படியைத் திரும்பக் கட்டினான். அதே கருங்கல். கட்டும்போது ஒருநாள் வந்து, "அம்மாவுக்கு முட்டி வலிக்குதுக்கா. படி இல்லாம ஏற முடியல. என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றான். அவன் உள்ளங்கையில் தழும்பு வெளுத்துக் கிடந்தது. அவளால் கோபப்பட முடியவில்லை. தலையை ஆட்டினாள்.

லவினா மட்டும் வழக்கம்போல வருவாள், போவாள். புது சிலாப் மேல் ஒரு நாள் குதித்துப் பார்த்தாள். "நல்லா கெட்டியாத்தான் போட்டிருக்கான். கிறிஸ்மஸ் முடியட்டும்டீ செம்பா, சொந்தக்காரங்க வர்ற நேரம். முடிஞ்சதும் எங்களதையும் உடைச்சிடச் சொல்றேன்" என்றாள்.

கிறிஸ்மஸ் முடிந்தது. லவினா வீட்டுப் படி மோரிக்கு மேலேயே இருக்கிறது.